லைன்லயே இரு சாமி

சூரமங்கலம், சேலம்
18.8.2024

அன்புள்ள அண்ணன் தோமினிக்குக்கும், அண்ணனுக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகும், மடத்தில் பயிற்சி கொடுக்கும் நோவிஸ் மாஸ்டர் சவரிமுத்து சாமிக்கும் ஜோஸ்லின் சொல்லும் தோத்திரம். இங்கே அம்மா சுகம், நான் சுகம், பிளஸ் டூ கெமிஸ்ட்ரி மட்டும் சுகமில்லை. அப்பாவின் பி.பி. நல்ல உயரத்தில் சௌகரியமாக இருக்கிறது.

துறவு வார்த்தைப்பாடு கொடுக்குமுன் ஒரு வருடம் போன் கிடையாது, கடிதம் மட்டும் என்று உங்கள் மடத்தில் சட்டம். இப்போது எங்களுக்கும் அதே கதி. நீ சந்நியாசம் வாங்கினாய், பின்னாலேயே நம் ஆபீஸ் லேண்ட்லைனும் வாங்கிவிட்டது. சாக்கடைக்குத் தோண்டியவர்கள் செம்புக் கம்பியை அறுத்துவிட்டார்கள். இனி ஃபைபர்தானாம். நம்பர் அதேதான், ஆனால் இன்டர்நெட் போன் வைத்துத்தான் பேச வேண்டுமாம். லாரி புக்கிங் ஆபீசுக்குப் போன் இல்லையென்றால் எப்படி? லோடு ஓர் ஊரில், காலி வண்டி ஓர் ஊரில், நடுவில் அப்பாவின் வாய். அப்பா இப்போது காதுக்கு ஒன்றாக இரண்டு செல்லை வைத்துக்கொண்டு, இந்தக் காதில் வருகிற திட்டை அந்தக் காதுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

நீ பெங்களூர் வேலையை விடும் முன் ஆபீசுக்கென்று ஆறு இன்டர்நெட் போன் வாங்கி அனுப்பினாயே, அந்தப் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமல் உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. ஆமாம், உன் நாற்காலிதான். நெட்வொர்க் படித்த ஒரே மகன் ஆபீசுக்கு வருவான் என்று அப்பா தன் மேஜைக்குப் பக்கத்தில் போட்டாரே, அது. நீ மடத்துக்குப் போன அன்று "இனி அவங்கூட ஒரு வார்த்த பேசமாட்டேன்" என்றவர், பெட்டியிடமும் பேசவில்லை. "அதத் தொறக்கறவ கைய ஒடிச்சுப்போடுவேன்" என்றார். நேற்று என்ன ஆயிற்றோ, அதைச் சுற்றி வந்து, "அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்குது?" என்றார்.

எனக்கு அது அனுமதியாகத்தான் கேட்டது. எங்கே ஆரம்பிக்கட்டும்?

கை ஒடிவதற்குள் பதிலை எதிர்பார்க்கும்,
ஜோசு


நவதுறவகம், திண்டுக்கல்
1.9.2024

சேசு மரி சூசை

அன்புத் தங்கை ஜோசுக்கு,

நான் நலம். இங்கே காலையில் மாட்டுத் தொழுவம், மாலையில் தோட்டம். கையில் காய்ப்பு வந்திருக்கிறது. உன் தோத்திரத்தை மாஸ்டர் வாங்கிக்கொண்டார். சிரித்த மாதிரி இருந்தது, உறுதியில்லை. அப்பா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா?

பெட்டியைப் பிரிக்காதே. முதலில் ரோட்டைப் பார். பேச்சு என்பது நாமக்கல் முட்டை லோடு மாதிரி. ஒரே சீராக, குலுங்காமல் போய்ச் சேர வேண்டும். ஃபைல், வீடியோ எல்லாம் சிமென்ட் மூட்டை. கொஞ்சம் நின்று போனாலும் கெட்டுப்போகாது. இரண்டும் ஒரே ரோட்டில் முண்டியடித்தால் முட்டைதான் உடையும்.

ஆபீசில் நெரிசல் மிகுந்த நேரம் பகல் பதினொரு மணி. அப்போது லைனைச் சோதித்துப் பார். போய்த் திரும்ப எவ்வளவு தாமதம், அந்தத் தாமதம் சீராக இருக்கிறதா, வழியில் எவ்வளவு தொலைகிறது, இந்த மூன்றும் வேண்டும். வெளியே போகும் வேகத்தைக் கவனி. எல்லாரும் உள்ளே வரும் வேகத்தைப் பார்த்துவிட்டு ஏமாறுவார்கள். நாம் பேசுவது வெளியேதானே போக வேண்டும்.

உங்களுக்காகச் செபிக்கும்,
தோமினிக்


சூரமங்கலம்
15.9.2024

அன்புள்ள அண்ணா,

அனைவரும் நலம். மாத்திரையை அம்மா இட்லிக்குள் வைத்துக் கொடுக்கிறாள். அப்பா இட்லியைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைத் துப்புகிறார். நம் வீட்டிலும் வெளியே போகும் வேகம் அதிகம்.

ரோட்டைப் பார்த்தேன். பதினொரு மணிக்குப் பேசினால் கோழி குடித்த தண்ணீர் மாதிரி விட்டு விட்டு வரும். முதல் குற்றவாளி, சிசிடிவி. நாலு கேமராவும் காலி முற்றத்தை ராப்பகலாகப் படம் பிடித்து வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தப் படத்தின் ஒரே கதாநாயகன் பக்கத்துக் கடை நாய். இரண்டாவது, கணக்குப் பார்க்கும் அப்புசாமி அண்ணன். ஜி.எஸ்.டி. ஏறுகிறது என்று சொல்லிவிட்டு அவர் பார்ப்பது கபடிப் போட்டி. மூன்றாவது, அந்தோணியார் படத்துக்குப் பின்னால் தொங்கும், இன்டர்நெட் கேபிள்களெல்லாம் வந்து சேரும் பழைய சுவிட்சுப் பெட்டி. திறந்தால் உள்ளே எறும்புகள் எங்களுக்கு முன்பே நெட்வொர்க் போட்டிருக்கின்றன. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாருக்கே தன் முதுகுக்குப் பின்னால் காணாமல் போவது தெரியவில்லை.

கேமராவைச் சுருக்கிப் படம் அனுப்பச் சொல்லி மாற்றிவிட்டேன். கபடிக்கு ரெட் கார்டு. "ஏஞ்சாமி, நாம்போயி இன்டர்நெட்டக் குடிச்சுப்போட்டனாக்கும்?" என்று அப்புசாமி அண்ணன் ஒரு நாள் முழுக்க முறைத்தார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "யாரு உனக்கு இதச் சொல்லிக் குடுக்கறது?" என்றார்.

"ஒரு சாமியாருங்கப்பா" என்றேன்.

டீ குடிக்கப் போய்விட்டார். டீ மேஜைமேல்தான் இருந்தது.

அடுத்த பாடம் கேட்கும்,
ஜோசு


நவதுறவகம்
29.9.2024

சேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

சுகமாக இருக்கிறேன். மழை நன்றாகப் பெய்கிறது. மாத்திரையைப் பொடித்துச் சட்னியில் போடக் கூடாது என்று அம்மாவிடம் சொல். அடுத்து அதைத்தான் செய்வாள்.

இனிப் பெட்டியைப் பிரிக்கலாம். புது சுவிட்சு ஒன்று வாங்கு. மேஜைப் போன் ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழு. வைஃபையை நம்பாதே. போன்களுக்கு மட்டும் தனிப் பாதை பிரித்துவிடு, ரூட்டரில் அந்தப் பாதைக்கு முதலிடம் கொடு. ஓர் அழைப்புக்கு அதிக இடம் தேவைப்படாது, ஆனால் அந்த இடத்தில் வேறெதுவும் நிற்கக் கூடாது. ரூட்டருக்குள் இன்டர்நெட் போனுக்கு உதவி செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு வசதி இருக்கும். அதை அணைத்துவிடு. அது இருந்தால் ஒருவர் பேசுவது கேட்கும், மற்றவர் பேசுவது கேட்காது. கரண்டு போனால் எல்லாம் ஊமையாகிவிடும், ஆகவே யு.பி.எஸ். கட்டாயம்.

வேறொன்று. கிறிஸ்துமஸ் மாலை எங்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் போன் பேச அனுமதி உண்டு. வருடத்தில் அந்த ஒரு முறைதான். ஆபீஸ் நம்பர்தான் எனக்கு மனப்பாடம். மே மாதம் வார்த்தைப்பாடு அன்று, தாயும் தகப்பனும் பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிவந்து பீடத்தின் முன் நிறுத்துவது வழக்கம். அப்பா கிறிஸ்துமஸ் அன்றும் ஆபீசுக்குப் போவாரல்லவா?

தோமினிக்


சூரமங்கலம்
20.10.2024

அன்புள்ள அண்ணா,

எல்லாரும் சுகம். நீ கேட்டது போலவே எழுதுகிறேன்: ஆமாம், கிறிஸ்துமஸ் அன்றும் போவார். ஊருக்குப் போக முடியாமல் முற்றத்தில் நிற்கிற டிரைவர்களுக்குக் கேக் கொடுக்க வேண்டுமே. நீ கேட்காமல் விட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது.

போன் ஓடுகிறது! முதல் நாள் அந்த 'உதவி' வசதியை அணைக்க மறந்துவிட்டேன். போன் எடுக்கும் அறிவுச்செல்வி அக்கா "ஹலோ, சொல்லுங்க, சொல்லுங்க" என்று கத்த, எதிர்முனை டிரைவர் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். கடைசியில் ஆபீசுக்கே நேரில் வந்து, "ஏனுங்க, கோவம்னா நேர்ல சொல்லிப்போடுங்க" என்றார். அணைத்ததும் சரியாகிவிட்டது. அடுத்து ஜேடர்பாளையம் அணையோரம் வண்டியை நிறுத்தியிருந்த ஒருவர் பேசினார். தண்ணீர் விழுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அப்பா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். "கரண்டு போனா?" என்று மட்டும் கேட்டார். மெயினை அணைத்துக் காட்டினேன். பேச்சு நிற்கவில்லை. பாராட்டெல்லாம் இல்லை. எனக்குப் பஜ்ஜி வந்தது.

ஹோல்டு பட்டனையும் சொல்லிக் கொடுத்தேன். பழைய போனில் ஒன்று பேச வேண்டும், இல்லை வைக்க வேண்டும். இதில் பட்டனை அழுத்தினால் அந்தப் பக்கம் ஆள் லைனில் காத்திருப்பார். நமக்குச் சிவப்பு விளக்கு மினுக்கும். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வட்டிக்காரர், இன்சூரன்ஸ்காரர் எல்லாரும் இப்போது ஹோல்டில்தான் குடியிருக்கிறார்கள்.

ஆனால் ஹோல்டில் ஒரு வெள்ளைக்காரம்மா இங்கிலீஷில் பேசுகிறாள். டிரைவர்கள் ராங் நம்பர் என்று வைத்துவிடுகிறார்கள். அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். நாக்பூரில் லோடு கிடைக்காமல் மாட்டிக்கொண்ட ஒரு பையனை அப்பா வீட்டிலிருந்து சமாதானப்படுத்தியதைச் செல்லில் பதிவு செய்து, பின்னணியில் அம்மாவின் பியானோ, அதாவது பாத்திரச் சத்தம், வந்த இடத்தை வெட்டிவிட்டு, ஹோல்டில் போட்டுவிட்டேன். இப்போது காத்திருப்பவர்களுக்குக் கேட்பது இது:

"சாமி, லைன்லயே இரு. வெச்சுப்போடாத. சாப்டயா? சாப்புடலைன்னா மொதல்ல சாப்புடு. உன்னைய அப்படியே உட்டுருவனா? இதோ வந்துட்டேன். வெச்சுப்போடாத சாமி."

முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒருத்தர்கூட வைப்பதில்லை. ஆபீஸ் முழுக்கத் தெரியும், அப்பாவுக்கு மட்டும் தெரியாது. தன்னைத் தானே யாராவது ஹோல்டில் போடுவார்களா?

வெற்றிச் சிரிப்புடன்,
ஜோசு


நவதுறவகம்
10.11.2024

சேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

நலம். வேலை நன்றாகச் செய்திருக்கிறாய். மாஸ்டர் உன் கடிதத்தை எனக்குக் கொடுக்க ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டார். மற்ற சாமியார்களுக்கும் படித்துக் காட்டியிருப்பார் போலிருக்கிறது.

அந்தப் பதிவை எடுத்துவிடு. ஒருவர் குரலை அவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வது சரியில்லை.

இருபத்தைந்தாம் தேதி மாலை நான்கு மணிக்கு மேல் என் முறை. அப்பா பேச வேண்டும் என்றில்லை. எடுத்தால் போதும். நானே பேசிக்கொள்கிறேன்.

தோமினிக்


சூரமங்கலம்
8.12.2024

அன்புள்ள அண்ணா,

இங்கே குளிரும் கெமிஸ்ட்ரியும் கூடிவிட்டன. மற்றபடி சுகம்.

பதிவை எடுத்துவிடுகிறேன், எடுத்துவிடுகிறேன். இரண்டு முறை எழுதியிருப்பதால் இரண்டு மடங்கு உண்மை.

உன் அழைப்புக்கு ரோடு தயார். மடத்து நம்பரிலிருந்து வந்தால் அறிவுச்செல்வி அக்காவிடம் போகாமல் நேராக அப்பா மேஜையில் அடிக்கும்படி செய்திருக்கிறேன். அன்றைக்கு நாலு மணிக்கு ஆபீசில் வேறெதுவும் இன்டர்நெட்டைத் தொடாது. கேமராவைக்கூட நிறுத்திவிடுவேன், நாய்க்கு விடுமுறை. ஒரு முட்டைகூட உடையாது.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே கேட்டார். எழுந்து போன பிறகு பார்த்தேன், அது முந்தாநாள் பத்திரிகை. நேற்று முடி வெட்டிக்கொண்டார். போனில் முடி தெரியாது என்று நான் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
ஜோசு


சூரமங்கலம்
27.12.2024

அண்ணா,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மூன்றரை மணியிலிருந்தே அப்பா மேஜையில் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை. நான் பக்கத்தில் இருந்தால் அவர் பேசமாட்டார் என்று நானே கேக் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அப்பா வெளியே வந்தார். கையில் டயர் தட்டிப் பார்க்கிற இரும்பு. ஒரு லாரியின் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு நின்றார். உன் போன் இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "கேக்கு சாப்புடறீங்களாப்பா?" என்றேன். "அக்கட்டால போ" என்றார்.

ஆபீசுக்குள் போனபோது அவர் மேஜையில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஓடி எடுத்தேன். எடுக்கும்போதே அணைந்துவிட்டது.

போனில் இருக்கும் அழைப்புக் கணக்கைப் பார்த்தேன். அழைப்பை அப்பா எடுத்திருக்கிறார். நீ "அப்பா" என்று சொல்லியிருப்பாய். உடனே ஹோல்டு. அதற்குப் பிறகு பதினெட்டு நிமிடம். உனக்குப் பத்து நிமிடம்தானே? ஏன் வைக்கவில்லை நீ?

பழைய போனாக இருந்தால் ஒன்று பேசியிருக்க வேண்டும், இல்லை வைத்திருக்க வேண்டும். மூன்றாவது வழியை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

நீ எடுக்கச் சொன்ன பதிவையும் நான் எடுக்கவில்லை.

ஜோஸ்லின்


சூரமங்கலம்
2.2.2025

அன்புள்ள அண்ணா,

நூற்றைம்பது மில்லி செகண்டுக்கு மேல் தாமதமானால் பேச்சு கெட்டுவிடும் என்று படித்தேன். உன் தாமதம் ஐந்து வாரம். நீ நலமா? அம்மா தினம் தபால்காரரை வழிமறிக்கிறாள். அவர் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறார்.

போன வாரம் அப்பா திடீரென்று, "ஹோல்டுல போட்டா அந்தப் பக்கம் என்ன கேக்கும்?" என்றார். பாட்டு என்று சொல்லிப் பார்த்தேன். "என்ன பாட்டு?" என்றார். அதற்கு மேல் புளுக வரவில்லை. என் செல்லிலிருந்து ஆபீசைக் கூப்பிட்டு, ஹோல்டில் போட்டு, செல்லை அவர் கையில் கொடுத்தேன்.

திட்டுவார் என்று கதவோரம் நின்றுகொண்டேன். முழுதாகக் கேட்டார். மறுபடி முதலிலிருந்து வந்தது, அதையும் கேட்டார்.

"அவன் இதத்தான் கேட்டுட்டு இருந்தானா?"

"ஆமாங்கப்பா."

"எத்தன நேரம்?"

சொன்னேன். செல்லைத் துண்டால் துடைத்து என்னிடம் கொடுத்தார். இரவு மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

பதிவை அழிக்கட்டுமா வேண்டாமா என்று இப்போதாவது எழுது.

ஜோசு


நவதுறவகம்
23.2.2025

சேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

அம்மா, அப்பா, நீ அனைவரும் நலமாக இருக்கச் செபிக்கிறேன். நான் நலம். இங்கே மாடு கன்று போட்டது, கிடாரி. கத்திரிக்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது. பரீட்சைக்குப் படி.

கிறிஸ்துமஸ் அழைப்பின் தரம் பற்றிச் சொல்ல வேண்டும். மிகத் தெளிவாக இருந்தது. குலுக்கல் இல்லை, எதிரொலி இல்லை, ஒரு சொல்லும் உடையவில்லை. நல்ல வேலை, ஜோசு.

பதிவு இருக்கட்டும்.

தோமினிக்

பின்குறிப்பு, வேறு கையெழுத்தில்:
மகள் ஜோஸ்லினுக்கு ஆசீர். பத்து நிமிடம்தான் அனுமதி. அன்று என் கைக்கடிகாரம் சரியாக ஓடவில்லை. இப்போது ஓடுகிறது. சவரிமுத்து சாமி.


சேலம்
4.5.2025

மகன் தோமினிக்குக்கு அப்பா வின்சென்ட் எழுதுவது.

இங்கு அனைவரும் சுகம். வெயில் அதிகம். பி.பி. மாத்திரை போடுகிறேன். ஜோஸ்லினுக்கு இன்னும் ரிசல்ட் வரவில்லை, அவளுக்கு அதைப் பற்றிக் கவலையும் வரவில்லை. உன் நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். நெட்வொர்க் படிக்கப்போகிறாளாம். போன் நன்றாகப் பேசுகிறது. போன் நல்லது, நான்தான் பேசவில்லை.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு நான் போனை வைக்கவில்லை. ஹோல்டில்தான் போட்டேன். பேசமாட்டேன் என்று சொன்ன வாய் உடனே திறக்கவில்லை. நாலு டயரைத் தட்டிவிட்டு வந்து பேசலாம் என்று வெளியே போனேன். வண்டிக்குப் பன்னிரண்டு டயர். வருவதற்குள் கட்டாகிவிட்டது. நீ அதுவரைக்கும் வைக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

இருபத்து நாலாம் தேதி வார்த்தைப்பாட்டுப் பூசைக்கு உங்கள் ஃபாதர் அனுப்பிய அழைப்பு வந்து சேர்ந்தது. முந்தின நாளே அம்மாவையும் ஜோஸ்லினையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன். ஆபீசை அப்புசாமி பார்த்துக்கொள்வான். கைபிடித்துக் கூட்டிவர வேண்டும் என்று ஃபாதர் எழுதியிருக்கிறார். எந்தக் கை என்று எழுதவில்லை. வந்து கேட்டுக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

லைன்லயே இரு சாமி. வாரேன்.

அப்பா